ஒன்றுமே செய்யாமல் ஓடிய கார்

பாக்கியசீலனிடம் யாராவது காரைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், வீட்டுக்குப் போகிற நினைப்பையே விட்டுவிடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்து பாளையங்கோட்டையில் கோயில் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயைக் கிண்டுவார்கள். "என்ன அண்ணாச்சி, இப்போ எத்தனை ஓடியிருக்கு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இவர் கிலோமீட்டரைக் கடைசி எண் வரைக்கும் ஒப்பிப்பார். "அதுக்கு என்னல்லாம் செஞ்சீய?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் மனுஷன் காத்திருப்பார்.

"ஒண்ணுமே செய்யலவே. பெட்ரோல் போடுதேன், ஓட்டுதேன். அம்புட்டுத்தான்."

அது பெட்ரோலிலும் பேட்டரியிலுமாக ஓடுகிற ஹைபிரிட் கார். பைய நகரும்போது பேட்டரியில் சத்தமில்லாமல் போகும், விரட்டினால் எஞ்சின் சேர்ந்துகொள்ளும், பிரேக் பிடித்தால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறிவிடும். தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அறுபதாயிரம் ஓடியிருந்த அந்தக் காரைப் பாக்கியசீலன் வாங்கினார். அவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வீடு பாளையங்கோட்டையில். போகவும் வரவும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. எட்டு வருஷம் அப்படி ஓட்டினார். ஓய்வு பெற்றபோது மீட்டரில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் காட்டியது. பேட்டரிக் கார் மூன்று வருஷத்தில் படுத்துவிடும் என்று ஆரம்பத்தில் சொன்னவர்களின் பெயர்களையெல்லாம் அவர் மறக்கவில்லை. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்களுக்கு ஞாபகப்படுத்தினார்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் காரைத் தங்கை கிரேஸின் வீட்டுக்காரர் வேதநாயகத்துக்குக் கொடுத்தார். வேதநாயகம் சேரன்மகாதேவிக்காரர். அதுவரை பிறத்தியார் வண்டிக்குச் சம்பள டிரைவராக இருந்தவர், சொந்தமாக டாக்ஸி ஓட்ட ஆசைப்பட்டு, புதிதாக ஒரு சின்ன டீசல் வண்டி பேசி வைத்திருந்தார். பாக்கியசீலன்தான் குறுக்கே போய் விழுந்தார். "மாப்ள, எம் பேச்ச நம்பி இத எடுங்க. அஞ்சு லட்சம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும். ஒரு வேலை வைக்காது" என்று கையிலடிக்காத குறையாகச் சொன்னார். வேதநாயகம் டீசல் வண்டிக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இந்த வண்டிக்கு மஞ்சள் போர்டு மாட்டினார். மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் பாக்கியசீலன் அவ்வப்போது போனில் கேட்டு வைத்துக்கொள்வார்.

இரண்டு வருஷம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிரேஸ் போன் செய்தாள்.

"அண்ணே, வண்டி நின்னுட்டு."

"எங்கன?"

"உவரியில கல்யாணத்துக்கு ஆள் ஏத்திட்டுத் திரும்பி வரும்போது நாங்குநேரி பக்கத்துல செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கு. பொறவு வண்டி இழுக்கவே இல்லையாம். லாரியில ஏத்தித்தான் கொண்டாந்தாங்க. டவுனுல இருந்து சர்வீஸ்காரங்க வந்து பாத்துட்டு, பேட்டரி முடிஞ்சு போச்சு, புதுசு மாத்தணும்ங்காங்க. அந்த விலைக்கு இந்த மாதிரி ரெண்டு பழைய வண்டி வாங்கிரலாமாம்."

"மாப்ள என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. நேத்து உடைக்கப் போடுத ஆளக் கூட்டிட்டு வந்து வண்டியக் காட்டுனாக. இன்னும் பத்து நாள்ல குலசை தசராவுக்குக் கொடியேத்தம். வரிசையா வாடகை பேசி வச்சிருக்காக" என்றாள்.

கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். "'ஒங்க அண்ணன் பேச்சக் கேட்டதுக்கு எனக்கு இது வேணும்'னு மட்டும் ஒரு தடவ சொன்னாக."

போனை வைத்த பிறகு பாக்கியசீலனுக்குக் காப்பி இறங்கவில்லை. தங்கை வீட்டுப் பிழைப்பு நின்றுபோனது அவருக்கு வருத்தம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அதைவிட அதிகமாகக் குத்தியது தன் வார்த்தை பொய்யாகிவிட்டதே என்பதுதான். ஆளே அப்படி. கோயில் வாசலில் இனி யார் எத்தனை ஓடியிருக்கு என்று கேட்டாலும் என்ன சொல்வது என்று அவர் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ரசீத் ஞாபகம் வந்தது. மேலப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். பதினோரு வருஷம் துபாயில் ஒரு டாக்ஸிப் பட்டறையில் இதே மாதிரி வண்டிகளின் பேட்டரியைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் ரசீத், "நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரமா? அது ஒரு ஓட்டமா அண்ணாச்சி? அங்கன அஞ்சரை, ஆறு ஓடுன வண்டியெல்லாம் எங் கையில வந்திருக்கு. நாளைக்குப் போயிப் பாத்துருவோம்" என்றார். அந்த ஒரு பேச்சில் பாக்கியசீலனுக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் சேரன்மகாதேவியில் இருந்தார்கள். கன்னடியன் கால்வாயை ஒட்டிய தெருவில் வேதநாயகத்தின் வீடு. தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. வேதநாயகம், "வாங்க மச்சான்" என்று சொன்னார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. கிரேஸ் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

ரசீத் முன்பக்கம் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பானட்டைத் தொடவே இல்லை. பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் அடியில் குனிந்தார்.

பின்சீட்டு முழுக்கப் பத்தமடைப் பாய் போட்டிருந்தது. சும்மா விரித்துப் போட்டதல்ல. சீட்டின் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் சிவப்புத் துணிப்பட்டி வைத்துத் தைத்து, காலடி வரைக்கும் தொங்கவிட்டு, அடியில் நாடா போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. கிரேஸின் வேலை அது. குலசையிலும் உவரியிலும் கடலில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறவர்களால் சீட்டு உப்புப் பூத்துப் போகிறது என்று வேதநாயகம் புலம்பியபோது அவளுக்குத் தோன்றிய யோசனை. ஈரம் இறங்காது, வெயிலில் சூடேறாது, உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கும். ஏறுகிறவர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டுவார்கள். "எங்க வீட்டுக்காரி தச்சது" என்று வேதநாயகமும் ஒன்றரை வருஷமாகப் பெருமையோடு சொல்லி வந்தார்.

ரசீத் நாடாவை அவிழ்த்துப் பாயைத் தூக்கினார். சீட்டின் அடியில், கதவோரமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்பிச் சட்டம் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதே அதிகம். கோரைத் தூசியும் மணலும் காய்ந்த பூவும் திருநீறும் சேர்ந்து அதை மெழுகி வைத்திருந்தன. ரசீத் சட்டத்தை நெம்பி, உள்ளே இருந்த வடிகட்டியை இழுத்தார். அது சாம்பல் நிறத்தில் கெட்டித் தகடாக வந்தது.

"பேட்டரி மூச்சு விடுத வழி இதுதான்" என்றார் ரசீத். "வண்டிக்குள்ள இருக்குத ஏசிக் காத்த இது வழியா இழுத்துத்தான் பேட்டரி சூடாகாமப் பாத்துக்கிடும். வழிய அடைச்சா உள்ளுக்குள்ளயே வெந்துரும். பின்னால ஃபேன் சத்தம் ஜாஸ்தியா கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு" என்றார் வேதநாயகம். "ஆறு மாசமா கேக்குது. ஏசிதான்னு நெனச்சேன்."

"வண்டி மேல குத்தமே இல்ல. கிலோமீட்டர் மேலயும் குத்தமில்ல. இந்தப் பாய்தான் வேலையக் காட்டிருக்கு."

வேதநாயகம் திரும்பிக் கிரேஸைப் பார்த்தார்.

பாக்கியசீலன் அந்தக் கம்பிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது என்னவென்று ரசீத் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலத்தில் அவர் அங்கே குனிந்திருக்கிறார். பெயின்ட் பிரஷ் ஒன்றால் தூசியைத் தட்டி, வடிகட்டியை உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டுத் திரும்ப மாட்டுவார். காலையில் பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம். அதை ஒரு வேலை என்று அவர் கணக்கில் வைத்ததே இல்லை.

வேதநாயகத்திடம் அதைச் சொல்லவும் இல்லை. வண்டியைக் கைமாற்றிய நாள் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. டயருக்கு எவ்வளவு காற்று, எந்த பங்க்கில் பெட்ரோல், மாற்றுச் சாவி எங்கே என்று எல்லாவற்றையும் சொன்னார். "வேற எதுவும் பாக்கணுமா மச்சான்?" என்று வேதநாயகம் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கோயில் ஆட்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். வடிகட்டி என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நாலு பேர் முன்னால், "ஒண்ணுமே கிடையாது மாப்ள, பெட்ரோல் போடுங்க, ஓட்டுங்க" என்றுதான் வாய் சொன்னது. பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறந்துபோனார்.

இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் வேதநாயகம் ஆரம்பித்துவிட்டார்.

"ஒனக்கு யாரு சொன்னா இதப் போடச் சொல்லி? அழகு பாக்குதியா அழகு? சோறு போடுத வண்டியில போயித் தையல் வேலையக் காட்டிருக்கா. நாலு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. மச்சானப் போயி மனசுக்குள்ள என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? எல்லாம் ஒன்னால!"

கிரேஸ் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கியசீலன் உண்மையைச் சொல்லவில்லை. வண்டி மேல குத்தமே இல்ல என்ற பேச்சு அவர் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. வேலை முடியட்டும், பேட்டரி சரியாகுமா என்று முதலில் பார்ப்போம், பிறகு ஆற அமரச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது சமாதானமில்லை, பயம். வெட்கங்கெட்ட பயம்.

ரசீத் ரப்பர் கையுறையை மாட்டி, ஆரஞ்சு நிறப் பிடியை இழுத்துப் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தார். "பத்து நிமிஷம் யாரும் கிட்ட வராதீய, உள்ள இருக்குத கரன்ட்டு அடங்கணும்" என்று பீடி பற்றவைத்தார். பிறகு பேட்டரியை வெளியே எடுத்துச் சாக்கின் மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே முப்பத்துநாலு சின்ன பேட்டரித் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். நடுவில் இருந்த இரண்டு மட்டும் வயிறு ஊதிச் செத்துப் போயிருந்தன. மற்றவையெல்லாம் தேறும் என்றார். "இன்னும் ஆயுசு இருக்கு, ஹயாத்து இருக்கு அண்ணாச்சி. இவ்வளவு நாள் இந்தக் கதியில கிடந்தும் தாங்கிருக்குன்னா, நல்ல ஜாதி பேட்டரி."

அடிபட்ட ஒரு வண்டியின் பேட்டரியில் இருந்து சோதித்து எடுத்த துண்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அவற்றில் ஒத்துப் போகிற இரண்டைப் பொறுக்கி மாட்டினார். செம்புப் பட்டைகளில் பச்சை ஏறியிருந்ததைச் சுரண்டித் துடைத்தார். அந்த மூன்று மணி நேரத்தில் வேதநாயகம் சும்மா இருக்கவில்லை. பச்சையைப் பார்த்தால் ஒரு பேச்சு, தூசியைப் பார்த்தால் ஒரு பேச்சு. கிரேஸ் டீ கொண்டுவந்து வைத்தபோது, "இதையாவது ஒழுங்காப் போட்டியா?" என்றார். ரசீத்தே ஒரு கட்டத்தில், "விடுங்கவே, தெரியாம செஞ்சதுதானே" என்றார். சொல்லவேண்டியவரோ டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

இரண்டு மணிக்கு வண்டி சத்தமில்லாமல் உயிர் பெற்றது. சிவப்பு லைட் எரியவில்லை. வேதநாயகம் ஓட்ட, பாக்கியசீலன் பக்கத்தில் உட்கார, ரசீத் பின்னால் போனில் பேட்டரியின் சூட்டைப் பார்த்துக்கொண்டு வர, வீரவநல்லூர் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறியது. விரட்டினால் இழுத்தது. பேட்டரியின் சூடு முப்பத்தாறு டிகிரியைத் தாண்டவில்லை.

திரும்பும்போது வேதநாயகம் வண்டியைப் பைய ஓட்டினார். "மச்சான், ஒங்கள நான் தப்பா நெனச்சிட்டேன். 'இந்த மனுசன் பழைய இரும்ப என் தலையில கட்டிட்டாரு'ன்னு வெளிய நாலு பேர்ட்டயும் சொல்லிட்டேன். ஒங்க வாக்குப் பொய்க்கல. மனசுல வச்சிக்கிடாதீய."

"விடுங்க மாப்ள" என்றார் பாக்கியசீலன். சொன்ன பிறகுதான் தனக்கு உரிமையில்லாத ஒரு மன்னிப்பைக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. வேதநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் இலை போட்டிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வேதநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடியேற்றத்துக்கு வண்டி தயார், யாரிடமும் வாடகையை மாற்றிவிட வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக, "ஏ கிரேசு, அண்ணன்ட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு. ஒன்னால அவருக்குத்தான் எம்புட்டு கெட்ட பேரு" என்றார்.

கிரேஸ் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஐம்பது வயது. இரண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவள்.

"தப்புதாண்ணே. எனக்குத் தெரியல" என்றாள்.

பாக்கியசீலன் பிசைந்த சோற்றை அப்படியே இலையில் வைத்தார். இதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அவ ஒண்ணும் செய்யல மாப்ள. தப்பு எம்மேல. அந்த வடிகட்டிய ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நான் கழுவி மாட்டுவேன். எட்டு வருஷமும் செஞ்சேன். அந்த எடத்த மூடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லல."

வேதநாயகம் நிமிர்ந்தார். "ஒண்ணுமே செய்யலன்னு சொன்னீயளே?"

"சொன்னேன்."

"நான் கேட்டேம்லா, வேற எதுவும் பாக்கணுமான்னு?"

"கேட்டீய."

ரசீத் தலையைக் குனிந்து சாப்பிட்டார். வேதநாயகம் பெண்டாட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து அவளை ஏசிய ஏச்செல்லாம் அவருக்கே திரும்பக் கேட்டிருக்க வேண்டும். முகம் சுண்டிப்போனது.

கிரேஸ் கணவனைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள்.

"எப்பண்ணே ஞாபகம் வந்துச்சு?"

இப்பத்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. நாக்கு அதற்கும் தயாராகத்தான் இருந்தது.

"ரசீத் அந்தப் பாயத் தூக்குனப்பவே" என்றார்.

"அப்ப மணி பத்தரை" என்றாள் கிரேஸ். "இப்ப மூணு ஆவுது."

அவள் சத்தமாகப் பேசவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் ரசீத்துக்கு ரசம் ஊற்றினாள், கணவனுக்கு ஊற்றினாள், அவருக்கும் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்தபோது கிரேஸ் கொட்டகையில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வேதநாயகம் கிட்டே வந்ததும், "நீங்க இருங்க, எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

பாக்கியசீலன் மூட்டுவலியோடு மண்டியிட்டு, சட்டத்தை எங்கே நெம்ப வேண்டும், வடிகட்டியை எந்தப் பக்கமாக உருவ வேண்டும் என்று காட்டினார். அவள் அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஒரு தடவை கழற்றி மாட்டினாள். இரண்டாவது தடவையும் செய்தாள். பிறகு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டாள்.

"இது மட்டுந்தானா, இல்ல இன்னும் எதுவும் சொல்லாம வச்சிருக்கீயளா?"

பாக்கியசீலன் வாயைத் திறந்தார். கிடையாது என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். எட்டு வருஷத்துச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தன.

"இருக்கு" என்றார்.

கிரேஸ் உள்ளே போனாள். பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, கார் டிக்கியின் மேல் வைத்துப் புதுப் பக்கம் திருப்பினாள். ரசீத் சாமான்களைக் கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னால ஒரு சின்ன தண்ணி பம்ப்பு உண்டு. அது நின்னா எல்லாமே நின்னுரும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுனப்ப நான் மாத்தினேன்" என்றார் பாக்கியசீலன்.

கிரேஸ் எழுதிக்கொண்டாள்.

"பொறவு?" என்றாள்.